பெட்டிக் கோட்டி

ஆகா, என்ன லட்சணம் மருமவனே! வால்நட் மரம், சணல் நெறத்துல துணி, மூலையில பித்தளை எழுத்து. இதுக்குப் பாட்டு வேற போடணுமா? சும்மா வச்சுக் கும்பிட்டாலே புண்ணியம். நெறைய பேரு அப்படித்தான் வச்சிருக்கான். பிள்ளைகள நாலடி தள்ளி நிப்பாட்டிட்டு, வாறவன் போறவன்கிட்டல்லாம் "ஏஆர் 3ஏ, 1967ல வந்த மாடல், அசல் அமெரிக்கா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். பாட்டுப் போடச் சொன்னா மட்டும் ஆம்ப்ளிஃபயர் சர்வீசுக்குப் போயிருக்கும்.

நீ அந்த ரகம் இல்ல. நீ ரசிகன். நேத்து ராத்திரி கண்ண மூடிக்கிட்டு என்ன சொன்னே? "இந்தக் காலத்து ஸ்பீக்கர்ல இந்த வெதுவெதுப்பு வராது மாமா. உறுத்தலே இல்லாம குரல் எப்படிக் குழையுது பாத்தியளா"ன்னே. நானும் தலையாட்டினேன். அக்கா மவன், ஒண்ணு 24 கிலோன்னு ரெண்டு பெட்டியச் சென்னையில இருந்து கட்டித் தூக்கிட்டு வந்த பிள்ள, வந்த அன்னைக்கே மனச ஒடைக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். இப்பம் குளிச்சாச்சு, இட்லி தின்னாச்சு. சொல்லிருதேன். உன் பெட்டியில ட்வீட்டரு பேசல. ரெண்டுலயும்.

மொறைக்காதே. பெட்டியத் திருப்பு. பொறத்தால ரெண்டு திருகு இருக்கு பாரு. ஒண்ணு நடுச் சத்தத்துக்கு, இன்னொண்ணு மேல் சத்தத்துக்கு. அவனவன் ரூமுக்குத் தக்கனக் கூட்டிக் கொறைக்கட்டும்னு கம்பனிக்காரன் வச்சான். உள்ள கம்பி சுத்தியிருக்கும், அதுமேல ஒரு தகடு உரசிக்கிட்டே போவும். எத்தனையோ வருசமா ஒருத்தனும் தொடல. களிம்பு ஏறி, தகடு தொட்டும் தொடாம நிக்கி. கரண்டு மேல போகவே இல்ல. நீ வெதுவெதுப்புன்னு சொன்னியே, அந்தக் களிம்பத்தான் சொல்லியிருக்கே. இந்த மாடலுக்கு இது ஊரறிஞ்ச வியாதி. வித்தவனுக்கும் தெரிஞ்சிருக்கும், பாவம், சொல்ல மறந்திருப்பான். திருக அங்கிட்டும் இங்கிட்டுமாச் சுத்து. கரகரங்கும், வரும், போவும், பொறவு நிக்கும். அப்பம் ட்வீட்டரு பேசும்போது "ஐயோ வெதுவெதுப்பு போச்சே"ன்னு அழக் கூடாது.

எனக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு கேக்கியா? பாட்டுல ஜால்ரா தட்டுற எடம் வந்துது. தட்டுனது கேட்டுது, அதுக்குப் பொறவு இழையிற ஓசை கேக்கல. கோயில் கொடைக்குப் பனை உச்சியில கொழாய் கட்டிட்டு அதுக்கு அடியிலயே தூங்குன காது இது. மேல் சத்தத்துல பாதி எனக்குப் போயிட்டு. மிச்சம் இருக்க பாதிய வச்சுக் கண்டுபிடிச்சேன். உனக்கு முழுசும் இருக்கு. நீ பித்தளை எழுத்தப் பாத்துக்கிட்டிருந்தே.

உன் மாமன் பகல்ல ரேடியோ செட்டுக்காரன், ராத்திரியில பெட்டிக் கோட்டிக்காரன். கப்பல்ல வேல பாத்தவன், சிங்கப்பூரு போய்ட்டு வந்தவன், கொழும்புல கடை வச்சிருந்தவன், எல்லாரு வீட்டுச் சாமானும் கெட்டுப் போனா எங்கிட்டத்தான் வரும். ரிப்பேரு ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். "நல்லா டெஸ்ட் பண்ணிக் குடுக்கேன் அண்ணாச்சி"ன்னு சொல்லி ஒரு மாசம் வச்சிக்கிடுவேன். அந்த மாசங்கள்லதான் நான் படிச்ச படிப்பு பூராவும்.

அதுல ஒரு கேள்வியத்தான் உனக்குச் சீதனமாத் தாரேன். எந்தப் பெட்டியப் பாத்தாலும் இதுல என்னல்லாம் இருக்குன்னு கேக்காதே. அத விக்கவனே பாதி ராத்திரி வரைக்கும் சொல்லுவான். இத வாங்கதுக்காகச் செஞ்சவன் எத விட்டுக் குடுத்தான்னு கேளு. அதுக்கு அவனுக்கு உடனே போன் வந்துரும், வெளிய போயிருவான்.

சின்னப் பெட்டி வேணும். அடிச்சத்தம் ஆழமா வரணும். கொஞ்சம் கரண்டுல நெறையச் சத்தம் வரணும். இந்த மூணுல ரெண்டுதான் கெடைக்கும். மூணாவதையும் கேட்டா இயற்கை கைய விரிச்சிரும். இத வகுத்துச் சொன்னவரு ஹாஃப்மன்னு ஒருத்தர். ஜோசஃப் ஹாஃப்மன்னு பெரிய பியானோ வித்துவான் இருந்தாரே, அவரு மவன். உன் பெட்டியச் செஞ்ச கம்பனியிலதான் மொதல்ல இருந்தாரு. பொறவு 1957ல க்ளாஸ், லோன்னு இன்னும் ரெண்டு பேரோட பிரிஞ்சி போய் கேஎல்ஹெச்சுன்னு தனிக் கம்பனி போட்டாரு. அந்த மூணாவது எழுத்து இவருதான். பங்காளி பிரியுதது நம்ம தெருவுல மட்டும்னு நெனைச்சியாக்கும்.

பெரிய பங்காளி எட்கர் வில்ச்சர். நியூயார்க்குல ஒலியப் பத்திப் பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியாரு. 1954ல தன் மாணவன் ஹென்றி க்ளாஸச் சேத்துக்கிட்டு மாசசூசெட்ஸ்ல இருக்க கேம்பிரிட்ஜ்ல கடையத் தொறந்தாரு. அதுக்கு முன்னால அடிச்சத்தம் வேணும்னா பீரோ அளவுக்குப் பெட்டி வேணும். முன்னப் போன பேப்பர் கோனத் திருப்பி இழுக்க அதோட விளிம்பையே விறைப்பா வச்சிருப்பான். அந்த விறைப்பு கொஞ்சத் தூரத்துக்கு ஒழுங்கா இழுக்கும், கோன் கூட அசைஞ்சா தாறுமாறா இழுக்கும், சத்தம் கெட்டுப் போவும். வில்ச்சர் கோனத் தொளதொளன்னு விட்டாரு. பெட்டியக் காத்துப் போகாம அடைச்சாரு. சைக்கிள் பம்பு வாய விரலால அடைச்சிட்டுப் பிடிய அமுக்கிப் பாரு, எப்படித் திருப்பித் தள்ளுது? அந்தத் தள்ளுதான் ஸ்பிரிங். எவ்வளவு சுத்தமான ஸ்பிரிங்! அலமாரியில வைக்கிற பெட்டிக்குள்ள பெரிய தவிலு வந்து உக்காந்துது. விட்டுக் குடுத்தது எது? கரண்டு. வாட்டக் கொட்டு, கொட்டுன்னு கேக்கும். அதுபோக உன் 3ஏ 4 ஓம் பெட்டி. சோப்ளாங்கி ஆம்ப்ளிஃபயரு இதுகிட்ட வந்தா வேர்த்து ஊத்திரும்.

தைரியமான ஆளுவ. 1960ஐ ஒட்டி ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட்னு ஒரு தந்தி வாத்தியக் கோஷ்டிய மேடையில உக்கார வச்சு, கொஞ்ச நேரம் நெசமா வாசிக்க விட்டு, நடுவுல சத்தமில்லாமப் பெட்டிக்கு மாத்துவான். இவுக வில்ல மட்டும் அசைச்சுக்கிட்டிருப்பாவ. எது ஆளு, எது பெட்டின்னு கூட்டத்துக்குப் பிடிபடலயாம். அப்படிப் பேரெடுத்த கம்பனியோட பெட்டிய நீ ட்வீட்டரு இல்லாம வச்சு "பழைய காலத்து மென்மை"ங்கே. அந்த வாத்தியாரு கேட்டிருந்தா நாக்கப் பிடுங்கிக்கிட்டிருப்பாரு.

இதுக்கு நேர் எதிர்க் கட்சி ஆர்கன்சால ஹோப்புங்கிற ஊர்ல இருந்த பால் க்ளிப்ஷ். 1946ல க்ளிப்ஷ்ஹார்ன்னு ஒண்ணு போட்டாரு. அது கொழாயோட தம்பி. அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய கொழாய மடிச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ள சுருட்டி, பெட்டிய ரூம் மூலையில திணிக்கச் சொன்னாரு. மூலைச் சொவரு ரெண்டும் கொழாயோட மிச்சம். ஆழமும் வரும், சத்தமும் வரும்; வீட்டுல ரெண்டு மூலை போயிரும். அந்த மூலையில கதவு இருந்தா வேற வீடு பாரு. பொறவு இங்கிலாந்துல பிபிசிக்காரன் வெளிப்பதிவு வேனுக்குள்ள வைக்கதுக்குன்னு எல்எஸ்3/5ஏ போட்டான், அஞ்சு லிட்டரு பெட்டி. அடியாழமும் இல்ல, பெருஞ்சத்தமும் இல்ல. மனுசன் பேசுனா மனுசனாக் கேக்கும், அவனுக்கு அது போதும். கணக்கப் பாரு: ஒரு வாட்டு குடுத்து ஒரு மீட்டர்ல அளந்தா க்ளிப்ஷ் 105 டெசிபல், பிபிசி பெட்டி 82, 83. பத்து டெசிபலுக்கு ஒரு தரம் வாட்டு பத்து மடங்கு ஏறும். அப்பம் அங்க ஒரு வாட்டுல வாற சத்தத்துக்கு இங்க நூறு வாட்டுக்கு மேல கேக்கும். கேட்டாலும் குடுக்க முடியாது, சுருண்டு போவும். அதத் தெரியாம அந்தச் சின்னப் பெட்டிய வாங்கி, கல்யாண மண்டபத்துல வச்சுட்டு, "பேரு பெத்த பெட்டி, சத்தமே வரல"ன்னு ஒருத்தன் எங்கிட்ட வந்தான். என்னத்தச் சொல்ல!

இன்னொருத்தரு பீட்டர் வாக்கர். 1957ல குவாட்டுங்கிற பேருல ஒரு எலெக்ட்ரோஸ்டாட்டிக் பெட்டி. பாத்தவன்ல பாதிப்பேரு அத ரூம் ஹீட்டர்னு நெனைச்சான். கோனே கிடையாது, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாளு, அதுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டு. குரலுக்கு அதுக்கு மேல ஒண்ணும் நான் கேட்டதில்ல. தூசியும் ஈரமும் ஆகாது, உள்ளுக்குள்ள பொறி பறக்கும். நம்ம ஐப்பசி மழையில அத வச்சிருக்கணும்னா நீ பக்கத்துலயே விசிறியோட உக்காந்திருக்கணும்.

நம்ம கொழாய மட்டும் ஏளனமாப் பாக்காதே. அதுவும் விட்டுக் குடுத்த கதைதான். ஒரு பனையில கட்டுனா அடுத்த ஊர்க்காரன் கொடைக்கு வந்துருவான், அவ்வளவு தூரம் போவும். வில்லுப்பாட்டுல வில்லு மணி, உடுக்கை, புலவரு குரல், எல்லாம் அந்த ஊருக்குப் போவும். குடம் போவாது. கொழாய் வாய் சின்னது, அடிச்சத்தம் அதுல ஏறாது. குடம் அடிக்கிறவன் வேர்க்க வேர்க்க அடிப்பான், அவன் அடி மேடைக்கு முன்னால உக்காந்திருக்க பத்துப் பேருக்குத்தான். அடுத்த ஊர்க்காரனுக்குக் குடமே கெடையாது. நான் வயர இழுத்துக்கிட்டு மேடைப் பக்கம் நிப்பேன்லா, அதனால எனக்குத் தெரியும்.

சரி, உன் பெட்டிக்கு வருவோம். ட்வீட்டரு களிம்போட போச்சு. துணியக் கழத்து. 12 இஞ்சு வூஃபரச் சுத்தி ஒரு கருப்பு விளிம்பு இருக்குல்லா, விரல வை. பாத்தியா, உதிருது! ஆரம்பத்துல துணியில போட்டான், பொறவு ஃபோமுக்கு மாறுனான். இந்த ஃபோம் ஈரத்தக் குடிச்சுக் குடிச்சுப் பொடிஞ்சிரும். அது பெட்டி பேசுனாலும் பேசாட்டாலும் பொடியும். "ஒரே ஓனர், அதிகம் ஓட்டல"ன்னு உங்கிட்டச் சொன்னானே, சரியாத்தான் சொல்லியிருக்கான். ஓட்டாமலே பொடிஞ்சிருக்கு. விளிம்பு போச்சுன்னா காத்துப் போவும், காத்துப் போச்சுன்னா வில்ச்சர் செஞ்ச வேல பூரா போச்சு. வாங்கும்போது கோன லேசா உள்ள அமுக்கிட்டு விட்டிருக்கணும். பைய, சோம்பேறித்தனமாத் திரும்பி வந்தா பெட்டி அடைப்பா இருக்கு. டக்குனு வந்தா எங்கயோ ஓட்டை.

ஃபோம் வாங்கி ஒட்டலாம், பெரிய வித்தை இல்ல. பழைய பசையச் சொரண்டுததுதான் சோலி. வாய்ஸ் காயிலு நடுவுல நிக்கணும், எங்கயும் உரசக் கூடாது. உள்ள மஞ்சளாக் கண்ணாடிப் பஞ்சு அடைச்சிருப்பான், கையுறை போடாமத் தொட்டே, ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டுக் கெடப்பே. கிராஸ்ஓவர்ல இருக்க கெப்பாசிட்டரையும் அளந்து பாத்துரு. விலகியிருந்தா மாத்து. "ஒரிஜினலு, தொடக் கூடாது"ன்னு ஒரு கூட்டம் உண்டு. அவுக கேக்க ஆசப்படுதவுக இல்ல, பொருட்காட்சி வைக்கிறவுக. அவுகளோட சண்டைக்குப் போகாதே, அவுககிட்ட விக்கலாம்.

நேத்துக் கேட்டது என் ஆம்ப்ளிஃபயர்ல. உன் ஆம்ப்ளிஃபயரு எங்க? இதுவா? மின்னுது! முள்ளு ஆடுத மீட்டரு, நீல வெளக்கு. பொறத்தால என்ன எழுதியிருக்கு, வாசி. 120 வோல்ட்டு. நம்ம சொவத்துல எவ்வளவு? 230. ஸ்டெப் டவுன் வாங்கிட்டியா? அப்பாடா, எங்கக்கா பெத்ததுக்கு அம்புட்டு புத்தியாச்சும் இருக்கு. அப்பமும் நேராச் சொருகாதே. இத்தன வருசம் தூங்குனத சீரிஸ் பல்பு போட்டுத்தான் எழுப்பணும். அன்னா அந்தப் பலகையில தொங்குது பாரு, 100 வாட்டு குண்டு பல்பு. பத்திரமா வச்சிருக்கேன், இப்பம் கடையில கேட்டா என்னய ஒரு மாதிரிப் பாக்கான். எல்.இ.டி. மாட்டுனா சோலிக்காவாது. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா நல்லது. எரிஞ்சது எரிஞ்சபடியே நின்னா உள்ள எங்கயோ ஷார்ட்டு. அதுக்குப் பொறவும் ஸ்பீக்கர் முனையில டிசி வருதான்னு மீட்டரு வச்சுப் பாக்காம உன் 3ஏவ அதுல மாட்டுனே, வாய்ஸ் காயில நானே எடுத்து உங்கம்மைக்குத் தோடு பண்ணிக் குடுத்துருவேன்.

எத்தன வாட்டு போட்டிருக்கான்? அந்தக் காலத்து அமெரிக்காக்காரன் வாட்டுல நம்பிக்க வைக்கலாம். அங்கயும் மனம்போன போக்குல எழுதித்தான் வித்தான், 1974ல அரசாங்கம் சட்டம் போட்டு அடக்குச்சு. நம்ம ஊருக்குத் தொண்ணூறுகள்ல வந்துதே பி.எம்.பி.ஓ., நீ சின்னப் பிள்ள, ஞாபகம் இருக்காது. உள்ளங்கையில அடங்குத ஸ்பீக்கரு, மேல 1,000 வாட்டுன்னு ஸ்டிக்கரு. ஆயிரம் வாட்டுல இஸ்திரிப் பெட்டியே ஓடும்லா! ஒருத்தன் அதக் கொண்டுவந்து என் கொழாயோட போட்டிக்கு நிக்கான். நானும் மரியாதையா "உங்கது கூடத்தான் அண்ணாச்சி"ன்னு ஒத்துக்கிட்டேன். ஸ்டிக்கரோட யாரு போட்டி போடுவா?

இது என்ன, ரிக்கார்டு பிளேயருமா? ஏஆரேதானா! வில்ச்சர் 1961ல போட்டது. தட்டும் முள்ளுத் தடியும் ஸ்பிரிங்ல தொங்கும், பக்கத்துல நீ குதிச்சாலும் முள்ளு தாவாது. ரொம்பச் சந்தோசம். போட்டுக் கேட்டியா? கேட்டே. குரலு "கனமா, உருக்கமா" இருந்துதா? இருக்கும் மருமவனே, இருக்கும். இந்த மோட்டாரு கரண்டோட துடிப்ப எண்ணி ஓடுத மோட்டாரு. அமெரிக்காவுல நொடிக்கு 60, நமக்கு 50. ஸ்டெப் டவுன் வோல்ட்டத்தான் கொறைக்கும், துடிப்பக் கூட்டாது. நிமிசத்துக்கு முப்பத்திமூணே கால் சொச்சம் சுத்த வேண்டிய தட்டு 28 கூடச் சுத்தல. ஒன்றரைக் கட்டை சுருதி இறங்கிப் போச்சு. பாடுத அம்மா சளி பிடிச்ச அண்ணாச்சி ஆயிட்டாவ. நீ அத உருக்கம்னு கேட்டு அழுதிருக்கே. 50க்குத் தக்கன புல்லி கெடைக்கும். கெடைக்கலன்னா நம்ம லேத்துப் பட்டறையில கடைஞ்சிக்கலாம், பழைய புல்லியோட குறுக்களவுல அஞ்சுல ஒரு பங்கு கூட வச்சாப் போதும்.

வயரு? அத ஏன் பைக்குள்ள ஒளிக்கே? கொண்டா. எப்பா, பாம்பாட்டி கூட இதத் தொட மாட்டான். ஆக்சிஜன் இல்லாத செம்பா? ஓட வேண்டிய கரண்டுக்கு ஆஸ்துமாவா இருக்கு? இந்த ரூமு அகலத்துக்கு எலக்ட்ரிக் கடையில 2.5 ஸ்கொயர் வயரு ஏதேஷ்டம். க்ளிப்ஷ் சொன்னேன்லா, அந்தப் பெரிய மனுசன் கோட்டு மடிப்புக்குள்ள ஒரு மஞ்சள் பட்டன் குத்தி வச்சிருப்பாராம். அதுல, பூராவும் புளுகுங்கதுக்கு அமெரிக்காக்காரன் சொல்லுத கெட்ட வார்த்தை ஒண்ணு எழுதியிருக்கும். எவனாச்சும் சரக்கு விக்கதுக்காவ அளந்தா, சண்டை போட மாட்டாரு, மடிப்பத் திருப்பிக் காட்டுவாரு. நான் வேட்டி கட்டுதவன், எனக்கு மடிப்பும் இல்ல, பட்டனும் இல்ல. அதான் வாயால சொல்லுதேன்.

ரூமப் பத்தி ஒண்ணும் சொல்லல பாரு. உன் சென்னை வீட்டுல கீழ டைல்ஸு, மூணு பக்கம் மொட்டைச் சொவரு, ஒரு பக்கம் கண்ணாடி. அங்க எந்தப் பெட்டியும் கூவத்தான் செய்யும். உங்கம்மை மெத்தைய வெளிய போடச் சொன்னாளாமே, போடாதே. அதுதான் உன் வீட்டுலயே நல்ல ஆடியோ சாமான்.

வில்ச்சர் கதைய முழுசாச் சொல்லலியே. 1967ல கம்பனிய டெலிடைனுக்கு வித்துட்டு மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? காது கேக்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போயிட்டாரு. காது மங்குனவனுக்கு மெல்லிசு கேக்காது, பெருசு மட்டும் உறுத்தும். அதனால சத்தத்தக் கூறு கூறாப் பிரிச்சு, மெல்லிச ஏத்தி, பெருச அடக்குத வழியக் கண்டாரு. காப்புரிமை வாங்கல, யாரு வேணும்னாலும் செஞ்சிக்கிடட்டும்னு விட்டாரு. போன வருசம் டாக்டர் எனக்கும் ஒண்ணு மாட்டச் சொன்னாரு. மாட்டுனா ஜால்ரா நல்லாக் கேக்கும்னு தோணுது. குடத்துக்கு அது தேவையில்ல, அடிச்சத்தத்துக்குக் காது இன்னும் கல்லாட்டம் நிக்கி.

அதுக்குத்தான் சொல்ல வாறேன். அந்த டிரங்குப் பெட்டியில கேசட்டு இருக்குல்லா, அத்தனையும் வில்லுப்பாட்டு. குடத்துக்குப் பக்கத்துல மைக்க வச்சு நானே எடுத்தது. என் கொழாயும் குடத்தத் தராது, இங்க கெடக்க சின்னப் பெட்டியும் தராது. 12 இஞ்சு, அடைச்ச பெட்டி, அது தரும்.

நீ என்ன செய்யுதே, சாயங்காலம் பஸ்ஸப் பிடிச்சுச் சென்னைக்குக் கெளம்பு, சோலியப் பாரு. ஃபோம் வாங்கணும், ஒட்டணும், காயணும். திருகக் கழத்திக் கழுவணும். பெட்டி ரெண்டும் இங்கனயே இருக்கட்டும். ஒட்டுனது நின்னுதான்னு அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது பாரு, ஒரு மழைக்காலம் தாண்டணும், பங்குனிக் கொடை முடியணும், நான் நல்லா டெஸ்ட் பண்ணித் தாரேன். ஆம்ப்ளிஃபயரையும் வச்சிட்டுப் போ. வயர மட்டும் மறக்காம எடுத்துக்கோ.